தமிழர் இல்லங்களில் குழந்தைகளின் உடலியக்க விளையாட்டுகள்

பிறந்தது முதல் ஐந்து வயது வரை குழந்தையின் உடல் பல அசைவுகளைக் கற்றுக்கொள்கிறது. குழந்தை வளர்ச்சி நூல்கள் இவற்றை இரு வகையாகப் பிரிக்கின்றன. தலை நிமிர்த்தல், தவழ்தல், நடத்தல், தாவுதல் போன்றவை பெருந்தசை இயக்கங்கள். பற்றுதல், கிள்ளி எடுத்தல், கோத்தல், எழுதுதல் போன்றவை நுண்தசை இயக்கங்கள். இவ்விரண்டையும் வளர்க்கும் எளிய விளையாட்டுகள் தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளன. அவற்றை யாரும் பயிற்சி என்று அழைக்கவில்லை. மணல், கூழாங்கல், புளியங்கொட்டை, பனையோலை, பெரியவரின் மடி ஆகியவையே அவற்றின் கருவிகள். இவ்விளையாட்டுகளின் வரலாறு இலக்கியத்திலும், அகழாய்வுகளிலும், வாய்மொழி மரபிலும், பள்ளிக் கல்வியின் வரலாற்றிலும் சிதறிக் கிடக்கிறது.

சங்க காலச் சான்றுகள்

சங்க இலக்கியத்தில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களாகச் சிறுதேர், பந்து, கழங்கு, மணல்வீடு ஆகியவை இடம்பெறுகின்றன. பெரும்பாணாற்றுப்படை, ஏறிச் செல்ல இயலாத சிறு தேரை உருட்டி விளையாடும் பிள்ளைகளைக் காட்டுகிறது. அந்தத் தேர், தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும் வகையில் செய்யப்பட்டது என்கிறது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமலே உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைக் குறிப்பிடுகிறது. புறநானூற்றின் 36ஆம் பாடலில் பொருநை ஆற்றின் வெண்மணலில் சிறுமியர் பொன்னால் செய்த கழங்கு வைத்து ஆடுகின்றனர். பொன் கழங்கு செல்வர் வீட்டுக்கு உரியது. மற்றவர்க்குக் கழற்சிக்காயும் கல்லும் போதுமானவையாக இருந்தன.

மணலில் சிறுவீடு கட்டி விளையாடுவது சிற்றில் எனப்பட்டது. ஈர மணலை அள்ளுதல், குவித்தல், தட்டுதல், கரை எடுத்தல் ஆகிய செயல்களில் தோள் முதல் விரல் நுனி வரை எல்லாத் தசைகளும் இயங்குகின்றன.

கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும், உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து உருவாக்கிய வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. இன்றும் பாண்டி ஆடும் சிறுமியர் எறியும் சில்லு ஏறத்தாழ இதே வடிவில்தான் இருக்கிறது. சிந்துவெளி நகரங்களான அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் கிடைத்த சுடுமண் வண்டிகள், உருட்டி விளையாடும் பொருள்கள் இந்தியத் துணைக்கண்டத்தில் எவ்வளவு பழமையானவை என்பதைக் காட்டுகின்றன.

பெரியாழ்வாரும் பிள்ளைத்தமிழும்

குழந்தையின் அசைவுகளை வரிசைப்படுத்திப் பாடும் மரபைப் பெரியாழ்வார் திருமொழியில் காணலாம். திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார் பொதுவாக 9ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படுகிறார். கண்ணனைக் குழந்தையாகப் பாவித்து அவர் தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை, புறம்புல்கல் என்று பகுதி பகுதியாகப் பாடினார். நடை பழகும் குழந்தையின் தள்ளாட்டத்துக்கென ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கினார். புறம்புல்கல் என்பது குழந்தை பின்னால் ஓடிவந்து தாயின் முதுகைக் கட்டிக்கொள்வது. நடக்கத் தெரிந்த பிறகே அது இயலும் என்பதால் தளர்நடைக்குப் பின்னரே அது வருகிறது.

பின்னர் இம்மரபு பிள்ளைத்தமிழ் என்னும் தனிச் சிற்றிலக்கியமாக வளர்ந்தது. ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் இவ்வகையின் முதல் நூலாகக் கருதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பெண்பாற் பிள்ளைத்தமிழில் பெரும்புகழ் பெற்றது.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலர்க்கும் பொது. ஆண்பால் நூல்களில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன இறுதி மூன்று. பெண்பால் நூல்களில் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவற்றுள் மூன்று இடம்பெறும்.

இவற்றுள் உடலியக்கம் சார்ந்தவை பின்வருமாறு:

செங்கீரை: குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து முகம் அசைத்து ஆடுவது. கழுத்தும் முதுகும் தோளும் வலுப்பெறும் நிலை இது. ஐந்தாம் மாதத்துக்கு உரியதாகக் கூறுவர்.

சப்பாணி: உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. உட்கார்ந்த நிலையில் கைகள் ஊன்றும் வேலையிலிருந்து விடுபட்ட பிறகே இது இயலும். ஒன்பதாம் மாதத்துக்கு உரியது.

வருகை: தாய் அழைக்கக் குழந்தை அடியெடுத்து வருவது. ஏறத்தாழ ஓராண்டு நிறைவில் வருவது.

சிற்றில், சிறுபறை, சிறுதேர்: நடை உறுதிப்பட்ட பின் வரும் விளையாட்டுகள். மணலில் காலும் கையும் வேலை செய்கின்றன; பறையில் இரு கைகளும் தாளத்துக்கு இணங்குகின்றன; தேரை இழுக்கும்போது நடையும் கைவலுவும் ஒன்றுசேர்கின்றன.

கழங்கு, அம்மானை, ஊசல்: கழங்கிலும் அம்மானையிலும் மேலே எறிந்த பொருளைக் கண் தொடர, கை சென்று பிடிக்கிறது. ஊசலில் உடல் தன் சமநிலையை அறிகிறது.

பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் தமக்குள் சிறிது வேறுபட்டாலும் பொதுவான வரிசை மாறுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. அதன்படி குழந்தைகள் சராசரியாக 6 மாதத்தில் துணையின்றி உட்காருகின்றனர், 8.5 மாதத்தில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்கின்றனர், 12.1 மாதத்தில் தனியே நடக்கின்றனர். தவழ்தலுக்கு முன் செங்கீரை, உட்கார்ந்த பின் சப்பாணி, நடை வந்த பின் வருகை என்ற தமிழ் வரிசை இதனோடு பொருந்துகிறது.

எனினும் பிள்ளைத்தமிழை வளர்ச்சி அட்டவணையாகக் கொள்ளக் கூடாது. அது தெய்வத்தையும் அரசனையும் குழந்தையாக்கிப் பாடும் கவிதை மரபு. ஆணுக்குத் தேரும் பறையும், பெண்ணுக்குக் கழங்கும் அம்மானையும் என்ற பிரிவினை அக்காலச் சமூகம் வகுத்தது. உடலியலில் அதற்கு அடிப்படை இல்லை. மேற்கண்ட ஆய்விலேயே தனியே நடக்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரந்திருந்தது. சில குழந்தைகள் தவழாமலே நடந்தன. ஆகவே ஒரு குழந்தையை அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவது தேவையற்றது.

மடியில் தொடங்கும் விளையாட்டுகள்

இலக்கியத்தில் இடம்பெறாத பல விளையாட்டுகள் பாட்டிமார், தாய்மார் வழியாக வாய்மொழியாகவே வந்தன.

முதல் ஆண்டின் விளையாட்டுகளுக்குக் களம் பெரியவரின் மடியும் கால்களும் ஆகும். நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கைகால்களை மெல்ல நீட்டி மடக்குவது வழக்கம். சாய்ந்தாட்டத்தில் குழந்தை உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்ந்து நிமிர்கிறது. கைவீசலில் தோள் மூட்டு தளர்ந்து இயங்குகிறது.

பருப்புக் கடைதல் இவற்றுள் நுட்பமானது. பெரியவர் குழந்தையின் உள்ளங்கையில் தம் முழங்கையை வைத்துக் கடைவதுபோல் சுழற்றுவார். பிறகு சோறு பங்கிடுவதாகச் சொல்லி ஒவ்வொரு விரலாக மடக்குவார். முடிவில் நண்டு ஊர்வதுபோல் விரல்களை மேலேற்றி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவார். குழந்தைக்கு அது சிரிப்பு. அதே வேளையில், ஒன்றாகவே மூடித் திறந்த கை ஐந்து தனி விரல்களால் ஆனது என்பதைக் குழந்தை உணர்கிறது.

ஓராண்டை ஒட்டி நடைவண்டி வருகிறது. மூன்று மரச் சக்கரங்களும் ஒரு பிடியும் கொண்ட இதை ஊர்த் தச்சரே செய்து கொடுத்தார். இதில் குழந்தை தன் கால்களில் தானே நின்று வண்டியைத் தள்ளுகிறது. அண்மைக் காலத்தில் பரவிய, குழந்தையை நடுவே உட்காரவைக்கும் சக்கர இருக்கை இதற்கு மாறானது. அதில் குழந்தையின் எடையை இருக்கை தாங்குகிறது. கால் நுனியால் உந்தினாலே போதும். படிகளில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. இத்தகைய இருக்கை நடைவண்டிகளின் விற்பனையைக் கனடா 2004இல் தடை செய்தது. ஊர்த் தச்சரின் நடைவண்டியும் மேற்பார்வையோடுதான் பயன்படவேண்டும். ஆயினும் நடக்கும் வேலையை அது குழந்தையிடமே விட்டுவிடுகிறது.

நடை வந்த பின் உப்பு மூட்டை, தட்டாமாலை, கண்ணாமூச்சி என்று விளையாட்டு விரிகிறது. பெரியவரின் முதுகைப் பற்றித் தொங்கும் உப்பு மூட்டையில் கைப்பிடி வலுக்கிறது. கைகோத்துச் சுற்றும் தட்டாமாலையில் தலைசுற்றலைத் தாங்கி நிற்கும் பழக்கம் வருகிறது.

விரல்களுக்கான விளையாட்டுகள்

மூன்று வயதுக்கு மேல் கைவிரல் விளையாட்டுகள் சிறப்பிடம் பெறுகின்றன. அம்பாசமுத்திரம் பகுதியில் மரத்தைக் கடைந்து வண்ண அரக்குப் பூசிச் செய்யும் சொப்புச் சாமான்கள் இவ்வயதுக்கு உரியவை. அடுக்குதல், மூடி திறத்தல், ஊற்றுதல் ஆகியவை அவற்றால் பழகும்.

பல்லாங்குழியில் இரண்டு வரிசையாகப் பதினான்கு குழிகள் உண்டு. ஒரு குழியின் காய்களை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே செல்லவேண்டும். உள்ளங்கையில் பல காய்களை அடக்கிக்கொண்டே அவற்றுள் ஒன்றை மட்டும் விரல் நுனிக்கு நகர்த்தி விடுவது எளிய செயல் அன்று. பென்சிலை விரல்களுக்குள் நகர்த்திப் பிடிக்கவும், பொத்தான் போடவும் இதே திறன் வேண்டும். எண்ணிக்கையும் கூடவே வருகிறது.

ஐந்தாங்கல் அதனினும் கடினமானது. ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் தரையிலுள்ளவற்றை வாரி, விழும் கல்லையும் பிடிக்கவேண்டும். தட்டாங்கல், சொட்டாங்கல் என்று ஊருக்கு ஒரு பெயர் வழங்குகிறது. சிறு குழந்தைகள் அக்காமாரின் பக்கத்தில் அமர்ந்து முதலில் ஒரு கல்லை மட்டும் எறிந்து பிடித்துப் பழகுவர்.

வீட்டு வேலையும் விளையாட்டும் கலந்தே இருந்தன. பட்டாணி உரித்தல், பூக்கோத்தல், கோலப்புள்ளி வைத்தல் ஆகியவற்றில் குழந்தைகள் தாமாகவே வந்து கைகொடுத்தனர். ஒன்றைக் கவனிக்கவேண்டும்: புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல் போன்றவை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் அடைக்கக்கூடியவை. முற்றத்தில் எப்போதும் ஒருவர் இருந்த வீட்டில் பெரும்பாலும் அந்தக் காவல் தானாக அமைந்திருந்தது.

தேவநேயப் பாவாணர் 1950களில் எழுதிய தமிழ்நாட்டு விளையாட்டுகள் என்னும் நூலில் இத்தகைய பல ஆட்டங்களைத் தொகுத்து, ஆண்பால், பெண்பால், இருபால் எனவும் பகலாட்டு, இரவாட்டு எனவும் வகைப்படுத்தினார். வழக்கொழியத் தொடங்கிய பல ஆட்டங்களின் பெயரும் முறையும் எழுத்தில் நிலைத்ததற்கு இத்தகைய தொகுப்புகளே காரணம்.

மணலிலிருந்து பள்ளிக்கு

திண்ணைப் பள்ளிகளில் எழுத்துப் பயிற்சி மணலில்தான் தொடங்கியது. பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. மணலில் பிழை அழிக்க எளிது. முழுக் கையும் அசைவதால் எழுத்தின் வடிவம் உடலில் பதிகிறது.

இம்முறை சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது. 1789இல் சென்னையில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளிலும் மணற்பலகைகள் வந்தன.

வீட்டு விளையாட்டைப் பள்ளிக்குக் கொண்டுவரும் முயற்சி ஐரோப்பாவிலும் நடந்தது. ஜெர்மனியில் பிரெட்ரிக் ஃபிரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்களுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். கம்பளிப் பந்துகள், மரக்கட்டைகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி வழங்கினார். தாய்மார் குழந்தையோடு ஆடும் விரல் விளையாட்டுகளையும் கைகால் விளையாட்டுகளையும் 1844இல் பாடல் நூலாக்கினார். பருப்புக் கடைதலுக்கு இணையானவை அந்நாட்டு வீடுகளிலும் இருந்தன என்பது இதனால் தெரிகிறது.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். ஊற்றுதல், பொத்தான் போடுதல், துடைத்தல் போன்ற வீட்டுச் செயல்களைப் பாடமாக்கினார். எழுதுவதற்கு முன் சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். மணலெழுத்தின் நோக்கமும் இதுவே. 1939இல் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின்பேரில் அவர் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப்போர் மூண்டதால் இத்தாலியரான அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் தங்கியபோதும் குழந்தைகளுக்கான பள்ளியை நடத்தினார். தமிழ்நாட்டில் மாண்டிசோரி முறை வேரூன்றியது இவ்வாறே.

வீட்டுப் பழக்கம் உடலை மாற்றுமா?

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்னால்டு கெசல் போன்றோர், உடலியக்க வளர்ச்சி பெரிதும் உள்ளிருந்து தானாக முதிர்வது என்று கருதினர். பிற்கால ஆய்வுகள் பழக்கத்தின் பங்கையும் காட்டின. 1976இல் சார்லஸ் சூப்பர் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அங்கே தாய்மார் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்கினர். அக்குழந்தைகள் அவ்விரண்டிலும் அமெரிக்கக் குழந்தைகளைவிட முந்தினர்; வீட்டில் பழக்காத அசைவுகளில் அந்த முந்துதல் இல்லை. பிள்ளையோடு வீட்டார் ஆடும் ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இது தக்க சான்று.

இன்றைய நிலை

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில் ஆட்டமும் பாட்டும் முன்பருவக் கல்வியின் பகுதிகளாக உள்ளன. தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று வயது முதல் விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இன்னும் நகரத் தொடங்காத குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடமாவது விழித்திருக்கும்போது குப்புறக் கிடந்து விளையாடவேண்டும். செங்கீரைக்கு உடலை அணியமாக்குவது இந்தக் கிடப்புதான். ஒன்று முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ்த் திரை பார்ப்பது பரிந்துரைக்கப்படவில்லை. அதன்பின் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது.

நடைமுறை வேறாக உள்ளது. மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைக்கும் மழலையர் பள்ளிகள் பல. அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுமையாக உருவாகியிருப்பதில்லை, விரல்களும் சோர்ந்துவிடும். எழுத மறுக்கும் பிள்ளை சோம்பேறி என்றோ மந்தம் என்றோ பெயர் வாங்குகிறது. உண்மையில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது மணலும் புளியங்கொட்டையுமாக இருக்கலாம். திண்ணைப் பள்ளியின் கண்டிப்பு கடுமையானது. அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் விரலுக்கு முதலில் மணல், பிறகே எழுத்தாணி என்ற அதன் முறை சரியானது.

இவ்விளையாட்டுகளை மீட்கப் பணம் தேவையில்லை. ஒரு தட்டில் அரிசியோ மணலோ பரப்பினால் எழுதும் பலகை ஆகிவிடும். தலையணைகளை வரிசையாக அடுக்கினால் ஏறித் தாண்டும் மலை ஆகிவிடும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை, துணி உலர்த்தும் கவ்விகள், கழுவிய பாட்டில் மூடிகள் ஆகியவை விரல்களுக்குப் போதும். ஒன்று மட்டும் கடையில் கிடைக்காது. பருப்புக் கடைதலாயினும் பல்லாங்குழியாயினும் எதிரே ஒருவர் உட்கார்ந்தால்தான் ஆட்டம் நடக்கும். பாட்டியும் அக்காவும் முற்றமும் இல்லாத சிறு குடும்பத்தில் அந்த இடத்தில் பெற்றோரே அமரவேண்டியிருக்கிறது. நாள்தோறும் அரைமணி நேரம் கைபேசியை எடுத்து வைத்துவிட்டுத் தரையில் உட்காரும் தாயோ தந்தையோ இருக்கும் வீட்டில் இம்மரபு தொடர்கிறது.